சேற்றுச் சிறையில் மாமியாரும் மாப்பிள்ளையும்

தேச்சோன் கடற்கரையில் சேற்றுத் திருவிழா நடக்கிற நாட்களில் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. வருஷம் முழுக்கச் சேற்றில் குந்திச் சிப்பி கிளறுகிறவர்களுக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சேற்றில் புரள வேண்டும் என்று என்ன தலையெழுத்து? சியோலிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் ஜனம், இறங்கிய கொஞ்ச நேரத்தில் அப்பன் யார், பிள்ளை யார் என்று தெரியாமல் ஒரே சாம்பல் நிறத்தில் அலையும். அதுகளுக்கு அறை வாடகைக்கு விடுவோம், சிப்பி சுட்டுப் போடுவோம், அதுகள் குளித்துவிட்டுப் போன குளியலறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம். எங்களுக்கும் திருவிழாவுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

மாங் ஓக்புன் இந்த விஷயத்தில் ஊரைவிட ஒரு படி மேல். கடல் உள்வாங்கியதும் களைக்கொத்தும் வாளியுமாக முதலில் இறங்குகிறவளும் அவள்தான், திரும்பி வந்து நகக்கண்ணில் பல் தேய்க்கிற பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கிறவளும் அவள்தான். "சேறுதான் சோறு போடுது, இல்லேங்கல. அதுக்காக அதத் தூக்கி மூஞ்சியில பூசிக்கணுமா?" என்பாள். அறுபதைத் தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. தனிக்கட்டை, ஆனால் வாய் மட்டும் ஒரு பெரிய குடும்பத்துக்குக் காணும்.

அப்பேர்ப்பட்டவள் போன ஜூலையில் சேற்றுத் திருவிழாவுக்குப் போனாள். போனதோடு நில்லாமல் அங்கே ஒரு ரகளையும் பண்ணிவிட்டு வந்தாள். காரணம் அவளுடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பெயர் பாங் ஜுன்ஷிக். சூவோன் நகரத்தில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். குரல் மட்டும் அந்த பீரோவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் மாமியார் முன்னால் முட்டி போட்டுத்தான் உட்காருவார். கால் மரத்துப்போய், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் ஆயுசுக்கும் விருந்தாளி. வந்தால் கோழி அடித்தே ஆக வேண்டும். அவரே போய்த் தண்ணீர் மோந்து குடித்துவிட்டால் மாமியாருக்கு அவமானம். ஓக்புன் இந்த முறையில் ஒரு இம்மியும் குறைத்ததில்லை. அவர் "நல்லா இருந்துச்சு அத்தை" என்பார். இவள் "இன்னும் கொஞ்சம் வச்சிக்குங்க மாப்ள" என்பாள். ஏழு வருஷத்தில் இருவரும் பேசியதை எல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, மிச்ச இடத்தில் விலாசமும் எழுதிவிடலாம்.

இந்த முறை அவர்கள் வருவதற்கு முன்னால் மகள் மிரே போனில் சொன்னாள்: "அம்மா, அவரு உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்காரு. கொஞ்சம் நல்ல விதமா காது குடுத்துக் கேளு."

மிரேவுக்கு அப்போது ஆறு மாதம்.  என்ன கேட்கப்போகிறார்கள் என்பதில் ஓக்புனுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சூவோனுக்கு வந்துவிடு என்பார்கள். கிணற்று வீட்டுக்காரி அப்படித்தான், "புள்ளைக்குக் கழுத்து நிக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மகன் வீட்டுக்குப் போனாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அவள் இன்னும் திரும்பவில்லை. ஊர்ச் சிப்பிச் சங்கம் அவள் பெயரை அடித்துவிட்டது. எங்கள் சேற்றுநிலம் தனி ஒருத்தர் சொத்தில்லை. ஊரில் குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு ஆள் என்று சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, எல்லாரும் ஒன்றாக இறங்குவோம், ஒன்றாக ஏறுவோம். ஊரைவிட்டுப் போனவளுக்கு அங்கே இடம் கிடையாது. பிறகு அவளே திரும்பி வந்தாலும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம்.  எங்கோ ஒரு பத்தாவது மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓக்புன் என்ன செய்வாள்?

மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். மகளிடம் சொல்லலாம், சண்டை போடலாம், போனைப் பட்டென்று வைக்கலாம். மாப்பிள்ளை முகத்துக்கு நேராக மாமியார் முடியாது என்று சொன்னதாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. அதனால் ஓக்புன் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் கேட்டால்தானே மறுக்க வேண்டும்? கேட்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

வந்த அன்று சாப்பாட்டில் பாங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அத்தை, வந்து..." என்று ஆரம்பித்தார். ஒரு கோழிக்கால் அவர் கிண்ணத்தில் விழுந்தது. அதை மென்று முடித்து மறுபடி வாயைத் திறந்தார். இன்னொரு கால் விழுந்தது. அந்தக் கோழிக்கு அதற்கு மேல் கால் இல்லாததால் இறக்கை, கழுத்து, வயிற்றுக்குள் அடைத்து வேகவைத்த சோறு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பெரியவர்கள் எடுத்து வைத்ததை மிச்சம் வைக்க அவருக்கு வராது. மறுநாளும் இதே கதை. மத்தியானம் அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் தனியாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்ததை மிரே பார்த்துவிட்டாள்.

"இப்படியே போனா நீ கேக்கறதுக்குள்ள வெடிச்சிருவ," என்றாள்.

"நீயே சொல்லிடேன். உங்க அம்மாதானே?"

"அதெல்லாம் நடக்காது. இத நீதான் வாயத் தொறந்து கேக்கணும். பொண்டாட்டிய விட்டுக் கேக்கச் சொன்னான்னு நாளைக்குப் பேச்சு வரும்."

அதன் பிறகுதான் அவள் திருவிழாவுக்குப் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். வெளியே போனால் அம்மா கையில் கோழி இருக்காது என்பது அவள் கணக்கு. வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்கக் கூடாது என்று ஓக்புனும் கிளம்பினாள். கிளம்பிய கோலத்தைத்தான் பார்க்க வேண்டும்! கழுத்துவரை துணி தொங்கும் தொப்பி, முழங்கை உறை, பூப்போட்ட தொளதொளக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ்.

"அம்மா, நாம வேலைக்குப் போகல."

"சேறுன்னுதானேடி சொன்ன?"

கடற்கரையில் மிரே குடை நிழலில் தர்ப்பூசணித் துண்டோடு உட்கார்ந்துவிட்டாள். சேற்றுச் சறுக்கு மரம், சேற்றுக் குஸ்தி, சேற்றுக் கயிறிழுப்பு என்று எங்கே பார்த்தாலும் கூச்சல். ஓக்புன் ஒரு தொட்டியில் விரலை விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதெல்லாம் ஒரு சேறா? சலிச்சு, கரைச்சு, கட்டியில்லாம பச்சப்புள்ளைக்கு ஊட்டுற கஞ்சி மாதிரி வச்சிருக்கானுங்க. ஒரு நண்டு உண்டா, ஒரு புழு உண்டா!" பாங் பக்கத்தில் நின்று, "ஆமா அத்தை," என்றார். பிறகு மூச்சை இழுத்து, "அத்தை, நான்..." என்றார்.

"அங்க என்ன கூட்டம் மாப்ள?" என்று ஓக்புன் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அவள் போய் நின்ற இடம் சேற்றுச் சிறை. மரத்தில் கம்பிபோல் செய்து கறுப்புச் சாயம் அடித்த ஒரு கூண்டு. பின்பக்கம் மட்டும் பலகைச் சுவர். உள்ளே ஆளைத் தள்ளிப் பூட்டுவார்கள். வெளியே இருக்கிறவர்கள் கரண்டியாலும் வாளியாலும் சேற்றை வீசுவார்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாக அந்தச் சிறையை நடத்தும் பொறுப்பு எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலையில் விழுந்திருந்தது. சங்கத் தலைவி கில்சுன் காலையில் கையில் எடுத்த ஒலிபெருக்கியை யாருக்கும் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்ற பாங்கை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், அந்த நெட்டையனப் பிடிங்க! இவ்ளோ பெரிய செவுரு பூச்சு இல்லாம நிக்குதே!"

நாலு இளவட்டங்கள் வந்து அவரை இழுத்துப்போய் உள்ளே தள்ளினார்கள். திமிறுகிற ஆளா அவர்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மிரேவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, பூட்டுப் போட்ட பையனுக்கு வணக்கமும் சொன்னார்.

"இது யாரு வீட்டு ஆளு?" என்று கேட்ட கில்சுன் அப்போதுதான் ஓக்புனைக் கவனித்தாள். "அடியே ஓக்புன்! உன் மாப்பிள்ளையா! சொந்தக்காரங்கதான் மொத கரண்டி ஊத்தணும், அது இங்க சட்டம். வா வா!"

"அக்கா, சும்மா இரு. மாப்பிள்ளை மேல போய்..."

ஒரு வாளியும் கரண்டியும் அவள் கையில் திணிக்கப்பட்டன. கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் ஓக்புன் கம்பிக்கு அருகே போய், அரைக் கரண்டி சேற்றை எடுத்து, சிந்தாமல் சிதறாமல் அவர் தோளில் ஊற்றினாள்.

"மன்னிச்சுக்குங்க மாப்ள."

"பரவாயில்ல அத்தை. குளுகுளுன்னு நல்லா இருக்கு."

"என்னடி இது, சூப்பா ஊத்துற?" என்று ஒலிபெருக்கி அலறியது. "உப்பு போதுமான்னு கேளு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குள் பக்கத்திலிருந்தவர்கள் வீசியதில் பாங்கின் முகம் முழுக்கச் சேறாகிவிட்டது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு மாமியாரும் ஏதோ ஒரு மங்கலான தொப்பியாகத்தான் தெரிந்திருப்பாள். எப்படியோ மனிதருக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார்.

ஓக்புன் பதறிப்போனாள். கையெட்டும் தூரத்தில் கோழி இல்லை. கரண்டிதான் இருந்தது. நிரப்பி, நேரே வாயில் வீசினாள்.

"ஓ!" என்றது கூட்டம்.

அவர் துப்பிவிட்டு, "மிரேவும் நானும் பேசி..." என்றார். இன்னொரு கரண்டி. "புள்ள பொறந்ததும்..." என்றார். அதுதான், அவள் பயந்ததேதான்! ஓக்புன் கரண்டியை எறிந்துவிட்டு வாளியையே தூக்கினாள். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் சேறு போய் விழுந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் பிடித்தார்கள். மாமியார்களாகத் தெரிந்த சிலர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"ஏழு வருஷக் கோழியத் திரும்ப வாங்குறாடோய்!" என்றாள் கில்சுன்.

வாளி காலியானது. வாளியைக் காலி பண்ணுகிறவர்தான் அடுத்த கைதி என்பதும் அங்கே சட்டமாம். ஓக்புன் போட்ட கூச்சல் எதுவும் எடுபடவில்லை. தொப்பி, பூட்ஸ், முழங்கை உறை சகிதமாக அவளையும் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். வாழ்நாள் முழுக்கச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவளைக் குறிவைத்துக் கூட்டத்திலிருந்து சேறு பறந்து வந்தது. அப்போது பாங் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, மாமியாரை மறைத்துக்கொண்டு நின்றார். வந்த சேறெல்லாம் அவர் முதுகில் சப்பு சப்பென்று விழுந்தது. அவள்மேல் ஒரு துளி படவில்லை.

இதுவரை அவர் வாய் நிறையச் சேற்றை அடித்தவளுக்கு இப்படி ஒரு மறைப்பா என்று ஓக்புனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இனி அவர் கேட்டே தீருவார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள்.

"வரமாட்டேன் மாப்ள!"

"எங்க அத்தை?"

"சூவோனுக்கு! என்னக் கொன்னாலும் வரமாட்டேன். போனா சிப்பிச் சங்கத்துல பேரு போயிடும். அந்த மாடியில உக்காந்து நான் செத்தே போயிடுவேன். புள்ளையக் கொண்டாந்து இங்க விடுங்க, கண்ணா வளக்குறேன். என்னைக் கூப்பிடாதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. ஒரு பெரிய சேற்றுக்கட்டி மட்டும் வந்து பாங்கின் காதில் விழுந்தது.

"உங்கள யாரு அத்தை கூப்பிட்டா?" என்றார் அவர்.

ஓக்புன் கண்ணைத் திறந்தாள். "கூப்பிடலையா?" என்று அவள் கேட்டதில் கொஞ்சம் ஏமாற்றமும் கலந்திருந்தது. மனுஷ மனசு அப்படி.

"நாங்க இங்க வந்துடலாமான்னு கேக்க வந்தேன். இந்தக் கடற்கரையில மீன்தொட்டி இல்லாத கடை இல்ல. அத்தனை தொட்டிக்கும் குளிர்மெஷின் இருக்கு, பழுதாச்சுன்னா வெளியூர்லேர்ந்து ஆளு வரணும். எல்லாம் விசாரிச்சிட்டேன், வேலைக்குப் பஞ்சம் இல்ல. மிரேவுக்கும் உங்க பக்கத்துல இருக்கணும்னு ஆசை. தங்குறதுதான்... உங்க வீட்டுல... வீட்டோட மாப்பிள்ளையா..."

அத்தனை சேற்றை விழுங்கியும் நிற்காத வாய் அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்திலும் ஆண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. பெண்டாட்டி வீட்டுச் சோறு என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

"எங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல," என்றார் அவர் மெதுவாக. "உங்களுக்கும் ஊர்ல கேவலம். அதான் வாய் வரல அத்தை."

 ஓக்புனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தனியாக இருந்து பழகியவளுக்கு வேறு கவலைகளும் உண்டு.

"நான் டிவி பாத்துக்கிட்டே தரையில உருண்டு தூங்குற ஆளு மாப்ள. குறட்டை வேற."

"தெரியும் அத்தை. உங்க வீட்டுச் செவுரு ரொம்ப மெல்லிசு."

"காலையில எந்திரிச்சா கெட்ட வார்த்தையிலதான் கடலைத் திட்டுவேன்."

"அதுவும் தெரியும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன் அத்தை. எனக்குக் கோழி ஒத்துக்காது."

"என்னது?"

"வயித்துக்கு ஆகாது. மொத நாள்லேர்ந்தே சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஓக்புன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். தொப்பி கீழே விழுந்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரிய ஆளுக்கேற்ற பெரிய சிரிப்பு. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாரோ!

வெளியே கூட்டம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கில்சுன் கதவைத் திறந்தாள். திறந்தவள் சும்மா இருந்தாளா? ஒலிபெருக்கியை வாயருகில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "என்னடி உள்ள அப்படிக் குசுகுசு? மாப்பிள்ளை உன்னக் கூட்டிட்டுப் போறாரா? இல்ல, அவரே இங்க வந்து உக்காரப்போறாரா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பக்கத்தில் எங்கள் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பாங்கின் சிரிப்பு அப்படியே அடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு தோளைக் குறுக்கிக்கொண்டு சின்னதாக ஆகப் பார்த்தது. ஓக்புன் அதைப் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

பூட்ஸில் ஒட்டிய சேற்றோடு வெளியே வந்து, காலையிலிருந்து யாராலும் பிடுங்க முடியாத அந்த ஒலிபெருக்கியைக் கில்சுன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க! நான் எங்கயும் போகல. என் மகளும் மருமகனும் இங்க வர்றாங்க, என் வீட்டுலதான் இருக்கப்போறாங்க. யாரு கூப்பிட்டா? நான்தான் கூப்பிட்டேன்! அவருக்கு இஷ்டமே இல்ல. முடியாது முடியாதுன்னாரு. உள்ள வச்சு இவ்ளோ நேரம் கெஞ்சுனேன், அழுதேன், கடைசியா கால்ல விழறேன்னேன். அப்புறந்தான், போனாப் போகுதுன்னு ஒத்துக்கிட்டாரு. இனிமே எவளாவது ஏதாவது பேசணும்னா என் மூஞ்சிக்கு நேரா வந்து பேசுங்க!"

 கில்சுன் லேசுப்பட்டவள் இல்லை. பாங்கை ஒரு முறை பார்த்தாள், ஓக்புனை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கெஞ்சி வாங்குன மாப்பிள்ளையா? பரவாயில்லையே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் தட்டினார்கள். குடை நிழலில் மிரே தர்ப்பூசணியைக் கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். பாங் என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டத்தின் நாலு திசைக்கும் குனிந்து குனிந்து வணக்கம் சொன்னார்.

ஓக்புன் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை அவர்மேல் பட்டது அதுவே முதல் முறை.

"அத்தை," என்றார் அவர். "கேட்டது நான்தானே. நீங்க எதுக்கு அப்படி..."

"நீங்க இருக்கப்போற மேற்கு ரூம்பு ஒழுகுது மாப்ள," என்றாள் ஓக்புன், குழாயைத் திறந்தபடி. "நாளன்னைக்கு மழை வருதாம். நாளைக்குக் காலையில ஓட்டு மேல ஏறிப் பாத்துடணும். நீங்க ஏறுங்க, நான் ஏணியப் பிடிச்சிக்கிறேன்."